பெனலபி கீத்: எந்தத் தொடரில் தொடங்கலாம்?

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகை பெனலபி கீத்தைப் பார்க்க விரும்புவோர் இரண்டு பிபிசி தொடர்களுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: ‘தி குட் லைஃப்’ (1975–78), ‘டு தி மேனர் பார்ன்’ (1979–81).

நேரம்: முன்னதில் நான்கு பருவங்கள். பின்னதில் மூன்று, 2007இல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி தனி.

பாத்திரம்: முன்னதில் அவர் மார்கோ. லண்டன் புறநகரான சர்பிட்டனில் பக்கத்து வீட்டுத் தம்பதி தோட்டத்தைக் கிளறிப் பன்றி வளர்ப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் சீமாட்டி. முதல் பகுதியில் குரல் மட்டும்தான் கேட்கும்! முக்கியப் பாத்திரங்கள் நால்வரில் ஒருவராக வந்து காட்சிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1977இல் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவும் பெற்றார். தனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்பது மார்கோவுக்கே தெரியும், அது அவளை வருத்தவும் செய்யும். அந்த வருத்தத்தைக் கேலியாக்காமல் நடித்ததுதான் கீத்தின் கெட்டிக்காரத்தனம்.

பின்னதில் அவரே நாயகி, ஆட்ரி. கணவர் கடனை வைத்துவிட்டு இறக்க, மாளிகை ஏலத்துக்குப் போகிறது. வாங்குபவர் சூப்பர்மார்க்கெட் முதலாளி. ஆட்ரி எதிரிலுள்ள சிறு வீட்டிலிருந்து அவரை வேவு பார்க்கிறாள்.

புரியும் எளிமை: முன்னது யாருக்கும் எட்டும். பின்னதை ரசிக்க ஆங்கிலேய வர்க்கப் பெருமை கொஞ்சம் பிடிபட வேண்டும்.

கூட்டு நடிப்பை ரசிப்பவருக்கு ‘தி குட் லைஃப்’. கீத் மட்டும் போதும், கதை தொடர்ந்து நகர வேண்டும், காதலும் வேண்டும் என்பவருக்கு ‘டு தி மேனர் பார்ன்’. என் ஓட்டு மார்கோவுக்கு.