பூங்கா ஓபன் ஜிம், தெருமுனை ஜிம், மொட்டை மாடி: எங்கள் ஐந்து பேருக்கு எது ஒத்துவந்தது?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். 68 வயது அம்மா, நான், மனைவி, 13 வயது மகள், 7 வயது மகன். அம்மாவின் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "அவங்களை மட்டும் நடக்கச் சொல்லாதீங்க, நீங்களும் கூடப் போங்க" என்றார். அன்றிலிருந்து ஒரு வருடத்தில் மூன்று இடங்களை முயன்று பார்த்தோம்.

ஜிம்மை முதலில் முடித்துவிடுகிறேன். உள்ளே போனதும் ஒலித்த பாட்டுச் சத்தத்திலேயே அம்மா திரும்பிவிட்டார். பையனைச் சேர்க்க முடியாது என்றார்கள். மகளுக்கும் இன்னும் வயது வரவில்லையாம். ஆக, குடும்பம் என்று போய் நானும் மனைவியும் மட்டும் பணம் கட்டினோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அங்கே எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். இந்த மாதம் 20 கிலோ, அடுத்த மாதம் 25. தசைக்கு வேண்டியது அதுதான். பூங்காவில் அந்த வசதி கிடையாது.

பூங்காக் கருவிகளில் பெரும்பாலும் எடைத் தட்டுகளே இல்லை. லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்து காலால் உதைத்தால் இருக்கை பின்னால் போகிறதே, அங்கே நாம் தூக்குவது நம் உடம்பின் ஒரு பங்கைத்தான். உட்கார்ந்து கையால் தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸிலும் அதே கதை. புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்லது, அளவுக்கு மீறித் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. இரண்டு மாதம் கழித்து அதே கருவி விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும். அப்போது இரண்டு காலுக்குப் பதில் ஒரே காலால் தள்ளலாம். அல்லது திரும்பி வரும்போது மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக வரலாம். நான் இப்போது ஒற்றைக் காலில் பத்து முறை தள்ளுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

எங்கள் பூங்காவில் வரிசை நிற்பது ட்விஸ்டருக்குத்தான். வட்டத் தட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இடமும் வலமும் திருப்பினால் தொப்பை கரையும் என்று ஒரு நம்பிக்கை. ஓரிடத்தை ஆட்டுவதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையாது. தவிர, கீழ்முதுகு எலும்புகள் முன்னும் பின்னும் வளையத் தோதானவை, பக்கவாட்டில் அதிகம் திரும்புபவை அல்ல. வேகமாகச் சுழற்றினால், முதுகு வட்டு (டிஸ்க்) கோளாறு இருப்பவர்களுக்கும் எலும்பு தேய்ந்தவர்களுக்கும் தொல்லைதான். இதை அம்மாவிடம் சொன்னேன். "இடுப்பைத் திருகினாத்தாண்டா பூங்காவுக்கு வந்த மாதிரியே இருக்கு" என்றார்.

தொங்கும் இரண்டு மிதிகளில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசும் ஏர் வாக்கர் நல்ல பிள்ளை. மூட்டில் அடி விழாது, இடுப்பு மூட்டு நன்றாக அசையும். ஆனால் கால் தள்ள வேண்டிய பாரம் எதுவும் இல்லாததால், ஊஞ்சல் மாதிரி தன் வேகத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் ஆடினாலும் பலருக்கு மூச்சு கொஞ்சமும் ஏறாது. அதே பத்து நிமிடம் பூங்காவை வேகமாகச் சுற்றினால் ஏறும். வயது வந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கை நாங்கள் நடைபாதையில்தான் எட்டுகிறோம்.

சரி, காலியாகக் கிடப்பது எது? புல்-அப் கம்பி. யாராவது துண்டைக் காயப்போட்டிருப்பார்கள். முழுசாக மேலேற முடியாவிட்டால் என்ன, குதித்துப் பிடித்து மெதுவாக இறங்கினாலே கையும் முதுகும் உழைக்கும். மகள் வெறுமனே தொங்குவதில் தொடங்கினாள், இப்போது என்னைவிட அதிக நேரம் தொங்குகிறாள். அதைவிட நல்ல கருவி ஒன்றும் அங்கே இருக்கிறது, யாரும் அதைக் கருவி என்று நினைப்பதில்லை: சிமென்ட் பெஞ்ச். கையை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு வேலை. அதே பெஞ்சின் விளிம்பில் கை வைத்து மனைவி தண்டால் எடுக்கிறாள். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏர் வாக்கரில் ஆடுவதைவிட அம்மாவுக்கு இந்த பெஞ்ச்தான் பொருத்தம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிகள் அவனுக்கானவை அல்ல. ஐரோப்பாவில் இவற்றுக்கென்று உள்ள இ.என். 16630 தரநிலையே 1.4 மீட்டருக்கு மேல் உயரமானவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஒரு நாள் நான் அசந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஏர் வாக்கருக்குக் குறுக்கே ஓடினான். நெற்றியில் வீக்கம், வேறொன்றும் ஆகவில்லை. அன்று முதல் அவனுக்குச் சறுக்குமரமும் தொங்கு ஏணியும் மட்டும்தான். எங்களில் ஒருவர் அவன் பக்கமே நிற்கிறோம். அவனுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை. அதை அவன் நாங்கள் சொல்லாமலே முடித்துவிடுகிறான்.

மொட்டை மாடி எப்படி? கயிறு தாண்டலாம், ஷட்டில் ஆடலாம், காசு செலவில்லை. ஆனால் காற்றில் பந்து பக்கத்து வீட்டுக்குப் போகும், மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூட்டு வலிக்கும். மனிதர் முகம் பார்க்கத்தான் அம்மா பூங்காவுக்கே வருகிறார், மாடியில் அது கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பூங்காவில் தண்ணீர் தேங்கும்போதும் மாடி முழுக்க நனைந்துதான் கிடக்கும். மழை விட்ட நாளில் முதலில் காய்வது அதுதான், அந்த ஒரு வாரம் அங்கேதான். மே மாதம் இன்னொரு சங்கடம்: காலை எட்டு மணிக்கெல்லாம் பூங்காக் கைப்பிடிகள் சுடும். ஆறு மணிக்கே போய்விட வேண்டும்.

ஜிம்மை நான் விட்டுவிட்டேன், மனைவி வாரம் இரண்டு நாள் போகிறாள். எடை கூடிக்கொண்டே போவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. மற்ற நாள் பூங்கா. முதலில் எல்லோரும் நான்கு சுற்று நடை, அப்புறம் கம்பி, பெஞ்ச், ஒற்றைக் கால் லெக் பிரஸ். கருவியில் ஏறும் முன் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்க்கிறோம். போல்ட் தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ட்விஸ்டர் விவகாரத்தில் அம்மாவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பெஞ்சில் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் இரண்டு நிமிடம் ட்விஸ்டர், அதுவும் மெதுவாக. எண்ணுவது பேரன் வேலை. அவன் ஏழுக்கு அப்புறம் நேராகப் பத்துக்குத் தாவுவதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன்.