கொள்முதல் நிலையமா, வியாபாரியா: ஒரு குறுவைக் கணக்கு

2025 குறுவையில் விளைந்த சன்ன ரக நெல்லில் பாதியை அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் மீதியை வயலுக்கே வந்த வியாபாரியிடமும் விற்றேன். திட்டமிட்டுச் செய்த சோதனை என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த படுதாவில் பாதி நெல்லைத்தான் காயப்போட முடிந்தது என்பதே உண்மை. ஆனால் ஒரே வயலின் நெல், ஒரே அறுவடையில் வந்தது, இரண்டு வழிகளில் போனதால் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்தது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாயையும் சேர்த்தால் 2,545. வியாபாரி 60 கிலோ மூட்டைக்கு 1,250 ரூபாய் சொன்னார், அதாவது குவிண்டாலுக்கு ஏறத்தாழ 2,083. சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுச் சான்றுகள் எதுவும் அவர் கேட்கவில்லை. குத்தகைக்குப் பயிரிட்டு, அடங்கலில் தம் பெயர் ஏறாதவர்கள் வியாபாரியை நாடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

உண்மையான வேறுபாடு ஈரப்பதத்தில் இருக்கிறது. கொள்முதல் விதிப்படி நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஐப்பசி மழைக்கு நடுவே இயந்திரம் அறுத்துக் கொட்டும் குறுவை நெல்லோ 22 சதவீதத்தை எளிதாகத் தொட்டுவிடுகிறது. மழைக்காலம் தோறும் மாநில அரசு தளர்வு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் டெல்டாவில் வழக்கமாகிவிட்டன. 2022 குறுவைக்கு 19 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. ஆனால் மாதிரி எடுத்து, சோதித்து, ஆணை வருகிற வரைக்கும் நெல் பொறுத்திருப்பதில்லை. சாக்குக்குள்ளேயே முளை கட்டிவிடும்.

ஆகவே விலையை விலையோடு மட்டும் ஒப்பிடுவது பிழை. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர் பொருள் 78 கிலோதான் இருக்கிறது. அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 94 கிலோவாகக் குறையும். 2,545 ரூபாய் வீதம் அந்த 94 கிலோவுக்குக் கிடைப்பது சுமார் 2,392 ரூபாய். வியாபாரி அதே ஈர நெல்லை 2,083 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்றால், மெய்யான இடைவெளி குவிண்டாலுக்கு 462 ரூபாய் இல்லை, 309 ரூபாய்தான். 60 கிலோ மூட்டைக்கு 185 ரூபாய். இதற்குள்தான் காயவைக்கும் கூலி, தூற்றும் கூலி, டிராக்டர் வாடகை, இரவுக் காவல், ரசீதில் ஏறாமல் சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்வளவு என்று கைமாறும் தொகை எல்லாம் அடங்க வேண்டும். எனக்கு எல்லாம் போக மூட்டைக்கு நூறு ரூபாய் சொச்சம் மிஞ்சியது. ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இந்த மிச்சமும் பாதியளவுக்குக் கரைந்திருக்கும்.

நூறு ரூபாய்க்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள் இரவு பெய்த மழையில் படுதாவின் ஓரத்தில் தண்ணீர் இறங்கி, அடி வரிசைச் சிப்பங்கள் சில நனைந்தன. காலையில் பிரித்துப் பார்த்தபோது மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை எடை போட்டேன். பணம் சில நாட்களில் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. வியாபாரி அப்போதே எச்சரித்திருந்தார்: “இன்னிக்கே ஏத்திக்கிறேன் அண்ணே, நாளைக்கு மழைன்னா இந்த வெலையும் இருக்காது.” அதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது, அவர் சொன்னபடியே மழை வந்தது. ஆனால் அவர் தருவதாகச் சொன்ன தொகையில் ஒரு பகுதி கைக்கு வரத் தை மாதம் ஆகிவிட்டது என்பதையும் இதே கணக்கில் எழுதியாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் கொள்முதல் நிலையத்தின் பக்கமே சாய்கிறேன். அங்கே ஒரு விலை நிற்பதால்தான் வியாபாரியும் 1,250 சொல்கிறார். நிலையம் திறக்கத் தாமதமானால் அவர் விலையும் தானாக இறங்கிவிடுவதை இரண்டு பருவங்களில் கண்டிருக்கிறேன். ஆதரவு விலையை உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் வைத்து நிர்ணயிக்க வேண்டும் என்று சுவாமிநாதன் ஆணையம் 2006-இல் பரிந்துரைத்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நிலத்துக்கான வாடகை மதிப்பையும் செலவில் சேர்ப்பதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை, அது முக்கியமானதுதான். ஆயினும் என் களத்தைப் பொறுத்தவரை, குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் கூட்டுவதைக் காட்டிலும் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரையும் வாடகைக்கு ஓர் உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் வரும்படி அதிகம்.

பி.பி.டி. போன்ற, சோற்றுக்கு விரும்பி வாங்கும் நெல் ரகம் வைப்பவர்களுக்கு இந்த அலசல் அப்படியே பொருந்தாது, ஏனெனில் அதற்கு வியாபாரிகள் ஆதரவு விலையைத் தாண்டியும் கொடுப்பதுண்டு. விளைபொருளை ஏலத்தில் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நான் போட்டது உளுந்து மட்டுமே என்பதால் நெல்லுக்கு அதை ஒப்பிடவில்லை. தை, மாசி வெயிலில் அறுக்கும் சம்பாவுக்கு யோசிக்கவே வேண்டாம், முழுவதும் நிலையத்துக்குத்தான். அடுத்த குறுவைக்கு இன்னொரு படுதா வாங்கி வைத்திருக்கிறேன். அறுவடையன்று ஈரம் 22-க்கு மேல் காட்டி, வானமும் மூடியிருந்தால் வியாபாரிக்குச் சொல்லியனுப்புவேன்.