டெலிகேட் காலைப் பிடிக்கிறதா, வேட்பாளர் வீட்டுக் கதவைத் தட்டுறதா?

2024 ஜூன் 27 அட்லாண்டாவுல பைடனும் ட்ரம்பும் டிபேட் பண்ணாங்கல்ல, நம்ம ஊர் நேரத்துக்கு அது மறுநாள் காலை ஆறரை மணி, காபி டம்ளரோட டிவி முன்னாடி உக்காந்தேன், காபி ஆறிப்போனதுதான் மிச்சம். பைடன் ஆரம்பிச்ச வாக்கியத்தை முடிக்கத் தெரியாம திணறி நின்னதைப் பாத்ததுல இருந்து அடுத்த மூணு வாரமும் எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான். கட்சி டெலிகேட்ஸ், அதாவது மாநாட்டுல ஓட்டுப் போட்டு வேட்பாளரை முறைப்படி அறிவிக்கிற பிரதிநிதிகள், எல்லாரும் சேந்து நினைச்சா ஆளை மாத்திடலாமே, ஏன் மாத்த மாட்டேங்கிறாங்க?

கேள்வி நியாயமானதுதான், அமெரிக்காவுல இது புதுசும் இல்ல. பிரைமரி (கட்சி வேட்பாளர் யாருன்னு மாநிலம் மாநிலமா நடக்கிற ஓட்டு) எல்லாம் முடிஞ்சு, கணக்குப்படி ஒருத்தர் ஜெயிச்சாச்சு, ஆனா மாநாட்டுக்கு முன்னாடி கட்சிக்குள்ள பாதிப் பேருக்கு வயித்தைக் கலக்குது, அப்போ டெலிகேட்ஸ்கிட்ட போய் "கொஞ்சம் மறுபடி யோசிங்க"ன்னு கெஞ்சுறது அங்க ஒரு பழைய பழக்கம். இதுவரைக்கும் மூணு விதமா ட்ரை பண்ணியிருக்காங்க. ஒண்ணு, மாநாட்டுல விதியையே மாத்தி டெலிகேட்ஸை அவுத்து விடுறது. ரெண்டு, யாருக்கும் கட்டுப்படாத சூப்பர் டெலிகேட்ஸ்கிட்ட பேசிப் பாக்குறது. மூணு, டெலிகேட்ஸை விட்டுட்டு வேட்பாளரையே ஒதுங்கச் சொல்றது. இதுல எது வேலைக்கு ஆகும்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல டெலிகேட்னா யாருன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா மத்தது புரியாது. பிரைமரியில மக்கள் போடுற ஓட்டு மாநாட்டுக்குப் போற டெலிகேட் எண்ணிக்கையா மாறும். ஜனநாயகக் கட்சியில ஒரு வேட்பாளர் பேர்ல டெலிகேட்டா போக விரும்புறவங்க லிஸ்ட்டை அந்த வேட்பாளரோட ஆளுங்களே பாத்து, வேண்டாதவங்களை அடிச்சுடலாம். அதாவது அங்க வந்து உக்காந்திருக்கிறது முக்கால்வாசி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. அவங்ககிட்ட போய் "மாப்பிள்ளை சரியில்ல, மாத்திடுங்க"ன்னா எப்படி?

இதைத்தான் டெட் கென்னடி 1980ல கேட்டாரு. அந்த வருஷம் கதை ரொம்ப சுவாரஸ்யம், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். பதவியில இருந்தது ஜிம்மி கார்ட்டர், அவரை எதிர்த்து அதே ஜனநாயகக் கட்சி பிரைமரியில நின்னவர்தான் செனட்டர் கென்னடி. 1979 நவம்பர் 4 டெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சாங்க, அதே நாள் ராத்திரிதான் கென்னடியோட அந்தப் பேரு போன டிவி பேட்டியும் ஒளிபரப்பாச்சு, ஏன் ஜனாதிபதி ஆகணும்னு கேட்டதுக்கு மனுஷன் மென்னு முழுங்கிட்டாரு. நாட்டுக்கு ஆபத்துன்னா ஜனங்க ஜனாதிபதி பின்னாடி நிப்பாங்க இல்லையா, அதனால 1980 ஆரம்பத்துல அயோவாவுல கார்ட்டர் கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சாரு, வரிசையா டெலிகேட்ஸை அள்ளிட்டாரு. அப்புறம் பிணைக்கைதிகள் வீடு திரும்பல, ஏப்ரல்ல மீட்புப் படை ஈரான் பாலைவனத்துலயே நாசமாப் போச்சு, விலைவாசி எகிறிச்சு, ஜூன் 3 கடைசி நாள் நடந்த 8 பிரைமரியில கலிஃபோர்னியா நியூஜெர்சி உட்பட 5ல கென்னடி ஜெயிச்சாரு. ஆனா என்ன பிரயோஜனம், கணக்கு ஏற்கெனவே முடிஞ்சு போச்சு.

அதனால கென்னடி ஆளுங்க கேட்டது இதுதான்: ஜனவரி மார்ச்சுல ஓட்டுப் போட்டப்போ இருந்த நிலைமை வேற, ஆகஸ்ட்ல இருக்கிற நிலைமை வேற, டெலிகேட்டை மனசாட்சிப்படி ஓட்டுப் போட விடுங்க. குறுக்க நின்னது எஃப் 3 சின்னு ஒரு விதி. முதல் சுற்றுல டெலிகேட் தான் யார் பேர்ல வந்தாரோ அவருக்குத்தான் போடணும், மாத்திப் போடப் போறார்னு தெரிஞ்சா அங்கேயே அவரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடலாம். ரோபோ விதின்னு கிண்டல் பண்ணாங்க. கார்ட்டர் பக்கமும் சும்மா இல்ல, போட்டி ஆரம்பிக்கும்போதே இருந்த விதி, தோத்தப்புறம் மாத்தச் சொன்னா ஓட்டுப் போட்டவன் என்ன இளிச்சவாயனான்னு திருப்பிக் கேட்டாங்க. எனக்கு இந்த வாதம்தான் சரின்னு படுது, கென்னடி மேல எவ்வளவு பிரியம் இருந்தாலும்.

ஆகஸ்ட் 11, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஓட்டெடுப்பு. விதி இருக்கட்டும்னு சுமார் 1,936, வேண்டாம்னு சுமார் 1,390. இதுல கவனிக்க வேண்டியது, கென்னடிகிட்ட ஏற்கெனவே 1,200க்கு மேல சொந்த டெலிகேட்ஸ் இருந்தாங்க, அதாவது அத்தனை பேச்சு, அத்தனை பேரம், அத்தனை பேட்டிக்கு அப்புறம் புதுசா கிடைச்சது நூத்துச் சொச்சம் பேர், அதுலயும் கொஞ்சம் பேர் ஏற்கெனவே எந்தப் பக்கமும் சேராம இருந்தவங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அசையவே இல்ல. அன்னிக்கு ராத்திரியே கென்னடி விலகிட்டாரு, மறுநாள் அவர் பேசின பேச்சை இன்னிக்கும் எடுத்துப் போட்டுக் கேக்குறாங்க, கடைசி நாள் கார்ட்டருக்குப் பறக்க வேண்டிய பலூன் கூரையிலயே மாட்டிக்கிச்சு. நவம்பர் தேர்தல்ல குடியரசுக் கட்சி ரீகன் 489, கார்ட்டர் 49, மாநில வாரியா கிடைக்கிற எலெக்டோரல் ஓட்டுக் கணக்குல. கென்னடி ஆளுங்க பயந்தது அப்படியே நடந்துச்சு. அதுக்காக கென்னடி நின்னிருந்தா ஜெயிச்சிருப்பார்னு நான் சொல்ல மாட்டேன்.

இதே வழியை 36 வருஷம் கழிச்சு குடியரசுக் கட்சியில ட்ரை பண்ணாங்க, 2016ல, ட்ரம்ப்பைத் தடுக்க. இங்கதான் ஒப்பீடு சூடு பிடிக்குது. அந்தக் கட்சியில நிறைய மாநிலத்துல டெலிகேட் யாருங்கிறதை மாநில மாநாடு தனியா முடிவு பண்ணும், ஓட்டு யாருக்குங்கிறதை பிரைமரி முடிவு பண்ணும். பிரைமரியில ட்ரம்ப்போட மோதின டெட் க்ரூஸ் ஆளுங்க இந்த வேலையில கெட்டிக்காரங்க, அதனால மனசுக்குள்ள ட்ரம்ப்பைப் பிடிக்காத ஆனா ட்ரம்ப்புக்கு ஓட்டுப் போட்டே ஆகணும்கிற டெலிகேட்ஸ் ஏகப்பட்ட பேர் மாநாடு நடந்த கிளீவ்லாண்ட்ல இருந்தாங்க. 1980ல கென்னடிக்குக் கிடைக்காத கூட்டம் இவங்களுக்குத் தயாரா இருந்துச்சுன்னே சொல்லலாம். மனசாட்சிப்படி ஓட்டுப் போட அனுமதி கொடுக்கணும்னு விதிக் குழுவுல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. 112 பேர் குழு, அதுல 28 பேர் கையெழுத்து இருந்தா போதும், விஷயம் மாநாட்டு ஓட்டுக்குப் போயிடும். அந்த 28 கூடத் தேறல.

அப்புறம் ஜூலை 18, மாநாட்டு முதல் நாள், விதிகள் மேல மாநிலம் மாநிலமா பேர் சொல்லி ஓட்டெடுக்கணும்னு மனு கொடுத்தாங்க. 7 மாநிலத்துல பெரும்பான்மை டெலிகேட்ஸ் கையெழுத்து வேணும். 9 மாநிலம் வந்துச்சு, அதுல 3 வாபஸ் ஆயிடுச்சுன்னு மேடையில இருந்து அறிவிச்சாங்க, அவ்ளோதான், ஆமா, இல்லன்னு கத்துற குரல் ஓட்டுலயே முடிச்சுட்டாங்க. நடுவுல தலைமை தாங்கினவர் மேடையை விட்டே கொஞ்ச நேரம் காணாமப் போயிட்டாரு, கொலராடோகாரங்க வெளிநடப்பு. அந்த 3 மாநிலம் வாபஸ் வாங்குற வரைக்கும் ட்ரம்ப் ஆளுங்களும் கட்சித் தலைமையும் ஒவ்வொரு டெலிகேட்டையும் ஓரம் கட்டிப் பேசினாங்க. அதை விடப் பெரிய பலவீனம் ஒண்ணு இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ட்ரம்ப் வேண்டாம், சரி, அப்போ யாரு? க்ரூஸ் மே 3, இன்னொரு போட்டியாளர் கேசிக் மே 4ன்னு ரெண்டு பேருமே விலகியாச்சு. "இவரை விட்டுட்டு அவருக்குப் போடுங்க"ன்னு சொல்றதுக்கு ஒரு பேர் கூட இல்ல. பேர் இல்லாத ஒருத்தருக்காக தன்னோட ஊர்க் கட்சிக்காரங்க கோபத்தை எவன் வாங்கிக் கட்டிப்பான்?

ஆக 1980ல ஆள் இருந்தாரு, டெலிகேட்ஸ் இல்ல. 2016ல டெலிகேட்ஸ் இருந்தாங்க, ஆள் இல்ல. ரெண்டு தடவையும் எதிர்ல நின்னவர் இடத்தைக் காலி பண்ணல.

நடுவுல சூப்பர் டெலிகேட் கதை. 1980 தோல்விக்கு அப்புறம் ஜனநாயகக் கட்சி ஹண்ட் கமிஷன்னு ஒண்ணு போட்டு ரெண்டு காரியம் பண்ணுச்சு. ரோபோ விதியை எடுத்துட்டு, டெலிகேட்ஸ் தங்களைத் தேர்ந்தெடுத்தவங்க எண்ணத்தை "நல்ல மனசாட்சியோட" பிரதிபலிக்கணும்னு எழுதினாங்க. கூடவே எம்.பி, கவர்னர், கட்சி நிர்வாகிகள்னு யாருக்கும் கட்டுப்படாத ஒரு கூட்டத்தையும் சேத்தாங்க. ஜனங்க தப்பா தேர்ந்தெடுத்தா பெரியவங்க திருத்துவாங்கன்னு கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

2008 பிரைமரியில ஒபாமாவோட மோதின ஹிலரி கிளிண்டன் இவங்ககிட்டதான் வாதாடினாங்க. ஒஹையோ, பென்சில்வேனியா மாதிரி பெரிய மாநிலத்துல நான்தான் ஜெயிச்சேன், ஒபாமாவால நவம்பர்ல அங்க ஜெயிக்க முடியாதுன்னு. ஆரம்பத்துல யார் பக்கம்னு வாய் திறந்து சொன்ன சூப்பர் டெலிகேட்ஸ்ல பாதிக்கு மேல அவங்க பக்கம்தான் சாஞ்சிருந்தாங்க, ஆனா ஒபாமா பிரைமரி டெலிகேட் கணக்குல முந்தின உடனே ஒவ்வொருத்தரா நழுவினாங்க, ஜார்ஜியா எம்.பி ஜான் லூயிஸே பிப்ரவரியில பக்கம் மாறிட்டாரு, அவர் தொகுதி ஜனங்க ஒபாமாவுக்குப் போட்டிருந்தாங்க. சூப்பர் டெலிகேட்டா இருந்தாலும் அடுத்த எலெக்‌ஷன்ல அவன் ஊருக்குப் போய் கை கூப்பணும் இல்லையா. ஜூன் 3 ஒபாமா ஜெயிக்கத் தேவையான 2,118 டெலிகேட்டைத் தாண்டினாரு, நவம்பர்ல ஒஹையோவும் பென்சில்வேனியாவும் அவருக்கே வந்துச்சு. 2016 பிரைமரியில ஹிலரியை எதிர்த்து நின்ன சாண்டர்ஸும் கடைசி நேரத்துல சூப்பர் டெலிகேட்ஸ்கிட்ட கருத்துக் கணிப்பைக் காட்டிக் கேட்டாரு, அதுக்கு முன்னாடி வரைக்கும் அந்த ஏற்பாடே அநியாயம்னு திட்டிட்டு இருந்தவர்தான், ஒண்ணும் நடக்கல. 2018ல கட்சி அவங்களுக்கு முதல் சுற்றுல, முடிவு இழுபறியா இருந்தா, ஓட்டே கிடையாதுன்னு பண்ணிடுச்சு. இந்தக் கதவு கிட்டத்தட்ட சாத்தியாச்சு.

இப்போ 2024. ஜூலை 2ல டெக்சாஸ் எம்.பி லாய்ட் டாகெட் வெளிப்படையா பைடனை விலகச் சொன்னாரு. ஜூலை 8ல பைடன் கட்சி எம்.பிக்களுக்கு ஒரு லெட்டர் போட்டாரு, எனக்கு 1.4 கோடிக்கும் மேல ஓட்டு, கிட்டத்தட்ட 3,900 டெலிகேட், ஜனங்கதான் முடிவு பண்ணணும், டிவிகாரங்களோ பணம் கொடுக்கிறவங்களோ இல்லன்னு. (2016 பிரைமரியில ட்ரம்ப் வாங்கினதும் சுமார் 1.4 கோடிதான், அப்போ அவர் ஆளுங்க சொன்னதும் இதேதான்.) விதிப்படி பாத்தா 1980ஐ விட டெலிகேட்ஸுக்கு இப்போ கை நீளம், அந்த "நல்ல மனசாட்சி" வார்த்தை அப்படியே புத்தகத்துல இருக்கு, ரோபோ விதி கிடையாது. ஆனா அதை யாரும் பெருசா நம்பல, நம்பாததுதான் புத்திசாலித்தனம்னு தோணுது. முன்னாள் சபாநாயகர் நான்சி பெலோசி டிவியில வந்து அவர் முடிவை அவர்தான் எடுக்கணும், நேரம் கம்மியா இருக்குன்னு பட்டும் படாம சொன்னாங்க, அவர் ஏற்கெனவே நிக்கிறேன்னு முடிவு சொன்னதுக்கு அப்புறம்! 30க்கும் மேல எம்.பிக்கள் வரிசையா அறிக்கை விட்டாங்க, நன்கொடை கொடுக்கிறவங்க பர்ஸை மூடினாங்க. பேச்செல்லாம் ஒரே ஒரு ஆளைப் பாத்து. ஜூலை 21 ஞாயித்துக்கிழமை பைடன் எக்ஸ்ல லெட்டரைப் போட்டு விலகினாரு, அரை மணி நேரம் போல கழிச்சு தன்னோட துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் பேரைச் சொன்னாரு.

அடுத்த நாள் ராத்திரிக்குள்ள போதுமான டெலிகேட்ஸ் ஹாரிஸ் பக்கம். ஒரு மாசமா அசையாத கூட்டம் ஒன்றரை நாள்ல மொத்தமா நகந்துச்சு. யாரும் அவங்களை மனசு மாத்தச் சொல்லிக் கெஞ்சல, அவங்க ஆளே கையைக் காட்டிட்டாரு. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துல, ஹாரிஸோட அம்மாவைப் பெத்த தாத்தா ஊர்ல, அன்னிக்கு ஒரே சந்தோஷம், கோயில் நன்கொடைக் கல்வெட்டுல இருக்கிற அவங்க பேரை எல்லா சேனல்காரனும் வந்து படம் பிடிச்சான்.

இதுக்கும் குறை இல்லாம இல்ல. ஹாரிஸுக்கு ஒரு பிரைமரி ஓட்டு கூடத் தனியா விழல, மினி பிரைமரி மாதிரி ஏதாவது வைங்கன்னு கேட்டவங்க பேச்சு எடுபடல, பிரச்சாரத்துக்குக் கிடைச்சது 107 நாள், நவம்பர்ல 312க்கு 226ன்னு தோத்தாங்க. அதனால "அப்பவே சொன்னேன்"னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கலாம். இன்னொண்ணு பாருங்க, டெலிகேட்ஸ்கிட்ட எல்லாரும் எடுத்துட்டுப் போற ஒரே ஆயுதம் "இவரு நின்னா தோத்துடுவோம்"ங்கிறதுதான். 1980ல அது பலிச்சுது. 2008ல ஒபாமா தோப்பார்னாங்க, 365 வாங்கினாரு. 2016ல ட்ரம்ப் தோப்பார்னாங்க, ஜெயிச்சாரு. 2024ல ஆளை மாத்தியும் தோத்தாங்க. இந்த ட்ராக் ரெக்கார்டை வெச்சுக்கிட்டு நான் ஒரு டெலிகேட்டா இருந்தா எவன் ஜோசியத்தையும் கேக்க மாட்டேன். 2016ல கிளீவ்லாண்ட்ல "தோத்துடுவோம்"னு சொன்னவங்களை விட "ஜெயிச்சாலும் எனக்கு இவரு வேண்டாம்"னு சொன்ன சில பேர் மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி, அவங்க சொன்னதை நவம்பர் ரிசல்ட்டால பொய்யாக்க முடியல.

என் தீர்ப்பு கேட்டா மூணாவது வழிக்குத்தான் ஓட்டு, அதுவும் ஜூலையில இல்ல, முந்தின வருஷமே போய் பேசியிருக்கணும். டீன் ஃபிலிப்ஸ்னு மினசோட்டா எம்.பி ஒருத்தர் 2023 அக்டோபர்லயே பைடனுக்கு வயசாச்சு, மாத்துங்கன்னு பிரைமரியில எதிர்த்து நின்னாரு, கட்சிக்குள்ள ஒருத்தரும் சீந்தல. ஃபைன், அவர் நின்ன விதமும் ஒண்ணும் பிரமாதம் இல்ல.

ஆகஸ்ட் 19 சிகாகோ மாநாட்டு முதல் நாள், கிழக்குக் கரை நேரத்துக்கு ராத்திரி பதினொண்ணு தாண்டித்தான் பைடனை மேடையேத்தினாங்க. அவர் பேர்ல ஜெயிச்சு, அவருக்குன்னு வந்து, ஹாரிஸுக்கு ஓட்டுப் போட்டு முடிச்ச அதே டெலிகேட்ஸ் "வி லவ் ஜோ"ன்னு அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிமிஷக்கணக்குல கத்திட்டே இருந்தாங்க, அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.