மத்தளமும் பாட்டும்: எக்ஸ்போர்ட்டில் மாறும் ஒலியளவைச் சீராக்க எந்த வழி?

மட்டக்களப்பில் கூத்து ஆடும் களமான களரியைப் படம்பிடித்துத் தொகுப்பவர்களுக்குப் பழகிப்போன சிக்கல் இது: தொகுக்கும்போது சரியாகக் கேட்ட ஒலி, எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் தாழ்ந்தோ உயர்ந்தோ கேட்கிறது. சீராக்கும் வழிகளை ஒப்பிடுமுன், வெளிவந்த கோப்பை அதே டைம்லைனில் மீண்டும் இட்டு, மூல ஒலியுடன் மீற்றரில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் எக்ஸ்போர்ட்டில் தவறில்லை. கேட்கும் கருவியிலோ, ஏற்றிய தளத்திலோதான் மாற்றம் நிகழ்கிறது. யூடியூப், ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு; 0ஐ நெருங்க நெருங்க உரப்பு கூடும்) அளவுக்கு மேற்பட்ட ஒலியைத் தாழ்த்துமே தவிர, அதற்குக் கீழுள்ளதை உயர்த்துவதில்லை. ஆகவே, ஐரோப்பிய ஒலிபரப்பு அளவான −23இல் அமைத்த காணொளி அங்கே மெலிந்தே கேட்கும். மீற்றரில் வேறுபாடு தெரிந்தால், முந்தைய வேலைக்காக இட்ட நோர்மலைஸ் (ஒலியளவைத் தானாகச் சீராக்கும்) தெரிவு எக்ஸ்போர்ட் அமைப்பில் அப்படியே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் மட்டும் குரல் மறைந்தால், இடது வலது அலைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்குவதே அதற்குத் தீர்வு.

இனி வழிகளுக்கு வருவோம். உச்ச அளவைக் கொண்டு சீராக்கும் முறை, மிகப் பெரிய ஒலி குறித்த எல்லையைத் தொடும்வரை முழுவதையும் ஒரே அளவால் உயர்த்துகிறது. ஏற்ற இறக்கம் சிதைவதில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் மத்தளத்தின் ஓர் அடியே −1 டெசிபெல்லைத் தொட்டிருந்தால் உயர்த்த இடமேது? கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் பாட்டு இருந்த இடத்திலேயே தாழ்ந்து கிடக்கும். பிரீமியர் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு கிளிப்பின் உச்சத்தையும் தனித்தனியே உயர்த்தும் தெரிவும் உண்டு. கூத்துக்கு அது பொருந்தாது, ஏனெனில் ஆட்டத்துக்கு இடைப்பட்ட அமைதியும் ஆட்டத்தின் அளவுக்கு இரைச்சலாகிவிடும்.

உரப்பை அளந்து சீராக்கும் முறை, காது உணரும் சராசரியைக் கணக்கில் எடுக்கிறது. இதற்கான அளவீட்டு விதியான, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியூ பிஎஸ்.1770 வெளிவந்தது 2006இல். ஒரு பதிவின் சராசரி −24 எல்யூஎஃப்எஸ் ஆகவும் உச்சம் −2 டெசிபெல் ஆகவும் இருக்கிறது என்று கொள்வோம். அதை −14க்குக் கொண்டுவர 10 டெசிபெல் உயர்த்த வேண்டும். உச்சமோ எல்லையான 0ஐத் தாண்டி +8க்குப் போய்விடும். எல்லையை மீறும் உச்சங்களைத் தடுக்கும் லிமிட்டர் அதை அமுக்க, மத்தளம் தன் அடியின் கூர்மையை இழக்கும். ஷொட்கட் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் இம்முறை ஒரே ஓட்டமாகவும் இரு ஓட்டமாகவும் கிடைக்கிறது. ஒரே ஓட்டத்தில் மென்பொருள் கேட்டுக்கொண்டே அளவை மாற்றுவதால், பாட்டு ஓய்ந்த நொடியில் ஜெனரேட்டர் இரைச்சல் மேலெழுந்து, மத்தளம் விழுந்ததும் அமுங்கும். களரியைப் பார்த்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும். இரு ஓட்ட முறை முதலில் முழுவதையும் அளந்து, பிறகு மாறாத ஒரே அளவால் உயர்த்துகிறது. கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் உரப்புச் சீராக்கியான லவுட்நோர்ம் மட்டும் இங்கே ஒரு சூட்சுமத்தை வைத்திருக்கிறது: உச்ச எல்லையை மீறாமல் இலக்கை அடைய முடியாதபோது, இரண்டாவது ஓட்டத்திலும் அது தானாகவே அளவை மாற்றிக்கொண்டு போகும் முறைக்குத் தாவிவிடும்.

கையால் கீஃப்ரேம் (டைம்லைனில் ஒலியளவு மாறும் இடத்தைக் குறிக்கும் புள்ளி) இட்டுச் சீராக்குவதே மிகத் துல்லியமானது. பாட்டுக்கும் மத்தளத்துக்கும் தனித்தனி மைக் வைத்திருந்தால் இன்னும் இலகு. இரவு முழுவதும் நீளும் கூத்துக்கு அது தாங்காது, ஐந்து நிமிடத் துண்டுக்குத் தாராளமாகத் தாங்கும். முழு நீளப் பதிவென்றால் என் தெரிவு இது: மத்தள உச்சங்களை முதலில் லிமிட்டரால் நான்கைந்து டெசிபெல் மட்டும் தாழ்த்தி, பிறகு இரு ஓட்ட முறையில் −18 அளவில் நிறுத்துவது. யூடியூப்பில் சற்று மெலிதாகக் கேட்டாலும் அடியின் கூர்மை நிலைக்கும். மேடைப் பேச்சுக்கு இவ்வளவு கவனம் வேண்டியதில்லை. உரப்பை −14க்குச் சீராக்கினாலே போதும்.