டிபவுன்ஸா, த்ராட்டிலா?

வலைப்பக்கத்தில் ஒரு ஈவென்ட் (தட்டு, ஸ்க்ரோல் போன்ற நிகழ்வு) அடுத்தடுத்து நடக்கும்போது, அதற்கான ஃபங்ஷன் எத்தனை முறை ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் இரண்டு வழிகள் டிபவுன்ஸும் த்ராட்டிலும். தேடல் பெட்டியில் ஒருவர் ஏழு முறை விசையைத் தட்டி ஒரு சொல்லை அடிக்கிறார். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 மில்லி செகண்ட். ஒவ்வொரு தட்டுக்கும் எழும் இன்புட் ஈவென்ட்டிலேயே, சர்வரிடம் தரவு கேட்கும் ஏபிஐயைக் கூப்பிட்டால் சர்வருக்கு ஏழு ரெக்வெஸ்ட் போகும். 300 மில்லி செகண்ட் த்ராட்டில் போட்டால் மூன்று. அதே 300-க்கு டிபவுன்ஸ் போட்டால் ஒன்றே ஒன்று, அதுவும் முழுச் சொல்லோடு.

இரண்டுக்கும் உள்ளே இருப்பது நேரக் கணக்குதான். டிபவுன்ஸ் ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் பழைய டைமரை கிளியர்டைம்அவுட்டால் ரத்து செய்துவிட்டு, செட்டைம்அவுட்டில் புதிதாக ஒன்றைத் தொடங்கும். பயனரின் கை ஓய்ந்த பிறகுதான் ஃபங்ஷன் ஓடும். த்ராட்டில் யாரும் ஓயும்வரை காத்திருக்காது. குறித்த இடைவெளிக்குள் ஒரு முறைக்கு மேல் ஓட விடாது, அவ்வளவுதான்.

எதைப் போடுவது என்று யோசிக்கும்போது நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: நடுவில் நடப்பது பயனருக்குத் தெரிய வேண்டுமா? தேடலில் வேண்டாம். பாதிச் சொல்லுக்கான முடிவுகள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் வரும். எவ்வளவு படித்திருக்கிறோம் என்று காட்டும் பட்டைக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே டிபவுன்ஸ் போட்டால், ஸ்க்ரோல் ஓடும்வரை பட்டை அசையாமல் கிடந்து, நின்றதும் ஒரேயடியாகத் தாவும்.

தானாகச் சேமிக்கும் படிவம்தான் சிக்கலான இடம். ஒரு முறை அதற்கு 2 செகண்ட் டிபவுன்ஸ் போட்டு வைத்தேன். சோதித்தபோது அருமையாக ஓடியது. ஆனால் நிறுத்தாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பல நிமிடம் இடைவிடாமல் அடித்துக்கொண்டே போக, டைமர் ஒவ்வொரு தட்டுக்கும் முதலிலிருந்து தொடங்கியது. நடுவில் டேப் மூடிக்கொண்டது; எழுதியது ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அந்த மனிதரின் உழைப்பு போனது இன்றும் உறுத்துகிறது. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் டிபவுன்ஸில் மேக்ஸ்வெயிட் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் 10,000 என்று கொடுத்தால், கை ஓயாவிட்டாலும் 10 செகண்டுக்கு ஒரு முறை சேமித்துவிடும். லோடாஷின் த்ராட்டிலே உள்ளுக்குள் மேக்ஸ்வெயிட் வைத்த டிபவுன்ஸ்தான். சேமிப்புக்கு இந்தக் கலவையைத் தவிர வேறெதையும் இப்போது நான் நம்புவதில்லை.

ஸ்க்ரோலுக்கு த்ராட்டில் என்று பழகிவிட்டோம். ஆனால் திரையில் எதையாவது நகர்த்துவதற்கு பிரவுசரே தரும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் இன்னும் பொருத்தம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். பிரவுசர் அடுத்த ஃப்ரேமை வரைவதற்குச் சற்று முன் நம் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரு படம் பார்வைக்குள் வந்துவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஸ்க்ரோல் ஈவென்ட்டையே தொடாதீர்கள், இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் (ஓர் உறுப்பு திரைக்குள் வருவதைக் கவனித்துச் சொல்லும் பிரவுசர் வசதி) போதும். சப்மிட் பட்டனை இரண்டு முறை அழுத்துவதைத் தடுக்கவும் டிபவுன்ஸோ த்ராட்டிலோ வேண்டாம். முதல் கிளிக்கிலேயே பட்டனை டிசேபிள் செய்துவிடுங்கள்.

டிபவுன்ஸ் போட்டாலும் பதில்கள் வரிசை மாறி வருவது நிற்காது. முதல் தேடலின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். புது ரெக்வெஸ்ட் அனுப்பும் முன் அபார்ட்கண்ட்ரோலர் என்ற பிரவுசர் வசதியால் பழையதை ரத்து செய்ய வேண்டும்.

அப்புறம் ரியாக்ட், அதாவது திரையைக் காம்பொனன்ட் எனும் துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். காம்பொனன்ட்டுக்குள்ளேயே டிபவுன்ஸை உருவாக்கினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் (அந்தத் துண்டை மறுபடி வரையும்போதெல்லாம்) புது ஃபங்ஷன், புது டைமர். பழைய டைமரை ரத்து செய்ய யாரும் இல்லை. ரெண்டர்களுக்கு இடையே ஒரே ஃபங்ஷனைப் பிடித்துவைக்கும் யூஸ்மெமோவில் வையுங்கள், காம்பொனன்ட் நீங்கும்போது டிபவுன்ஸின் கேன்சலைக் கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் பிரவுசரின் டெவலப்பர் கருவியில், போகும் ரெக்வெஸ்ட்டுகளைக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்து ஏழு முறை தட்டிப் பாருங்கள். 300 மில்லி செகண்ட் கழித்து ஏழு வரிகள் வரிசையாக வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.