‘சூப்பர் நானி’ பார்த்து என் வீட்டில் எது வேலைக்கு ஆனது

என் மகனுக்கு மூன்றரை வயது இருக்கும்போது யூடியூபில் ‘சூப்பர் நானி’ பார்க்க ஆரம்பித்தேன், இப்போது அவனுக்கு ஆறு முடியப் போகிறது. வெங்காயம் உரிக்கும்போது, அவன் தூங்கின பிறகு, பஸ்ஸில் வரும்போது என்று பிரிட்டன் எபிசோடு, அமெரிக்க எபிசோடு எல்லாம் கலந்து பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பார்த்து என்ன பிரயோஜனம், சும்மா பொழுதுபோக்குதானே என்று போன வாரம் என் தங்கை கேட்டாள். அவளுக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிற பருவம். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பிரயோஜனம் இருக்கிறது. ஆனால் ஒரு எபிசோடில் பத்து நிமிடம்தான் அது, மிச்சமெல்லாம் அடுத்த வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான்.

தெரியாதவர்களுக்காக: ஜோ ஃப்ராஸ்ட் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, மனநல நிபுணர் இல்லை, பல வருடம் மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நானியாக வேலை செய்தவர். 2004இல் பிரிட்டனின் சேனல் 4இல் நிகழ்ச்சி ஆரம்பித்தது, அடுத்த வருடமே அமெரிக்காவில் ஏபிசி எடுத்துக்கொண்டு 2011 வரை ஓட்டியது, 2020இல் லைஃப்டைம் சேனல் திரும்பக் கொண்டுவந்தது. எல்லா எபிசோடும் ஒரே அச்சு. முதலில் ஓரமாக நின்று கவனிப்பார். பிள்ளைகள் கத்தும், கடிக்கும், அம்மா அழுவார். பிறகு பெற்றோரை உட்கார வைத்து முகத்துக்கு நேராகப் பேசுவார். அப்புறம் வீட்டுக்கு ஒரு கால அட்டவணை, விதிகள், சில உத்திகள். சில நாள் அவர் விலகிப் போய்விட, கேமரா மட்டும் வீட்டில் இருக்கும், திரும்பி வந்து அந்தப் பதிவைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டுவார்.

இதில் நான் எடுத்துக்கொண்ட முதல் விஷயம் மிகச் சின்னது. முட்டி போட்டு, குழந்தையின் கண்ணுக்கு நேராக நம் முகத்தை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொல்வது. சமையல்கட்டிலிருந்து “டேய், டிவியை நிறுத்து” என்று ஐந்து தடவை கத்துவதற்குப் பதில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய், அவன் முன்னால் உட்கார்ந்து, “இந்தப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்தணும், சரியா?” என்று ஒரே ஒரு தடவை கேட்பது. முதல் நாளே கேட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்தில்தான், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுமே ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான்.

அப்புறம் அந்தப் பேர்போன ‘நாட்டி ஸ்டெப்’. முதலில் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் படிக்கட்டில் உட்கார வைப்பது, வயதுக்கு ஒரு நிமிடம், எழுந்து ஓடினால் பேசாமல் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பது, நேரம் முடிந்ததும் ஏன் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்க வைத்து, கட்டிப்பிடித்துக்கொள்வது. எங்கள் வீடு இரண்டாம் மாடி ஃபிளாட், உள்ளே படிக்கட்டு ஏது? ஹாலில் பீரோ பக்கத்தில் ஒரு சின்னப் பாயைப் போட்டேன். முதல் நாள் அவன் உட்கார்ந்து அரை நிமிடம் ஆகவில்லை, என் அத்தை வந்து தூக்கிக்கொண்டார். “பச்சப் பிள்ளைய மூலைல உக்கார வச்சுட்டு, இது என்னம்மா பழக்கம்?” இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

நான் பார்த்த எபிசோடுகளில் இந்தச் சிக்கல் அநேகமாக வரவே இல்லை. அங்கே அம்மா, அப்பா, பிள்ளைகள், அவ்வளவுதான். நம் வீட்டில் ஒரு விதி நிற்க வேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அத்தையே ஒரு வழி சொன்னார்: “மூலை வேணாம். என் பக்கத்துல உக்காரட்டும், நான் வாயத் திறக்க மாட்டேன்.” அடுத்த தடவை அவன் தண்ணீர் டம்ளரை வீசியபோது அத்தை பக்கத்தில்தான் உட்கார வைத்தேன். அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. “அப்பத்தா, அப்பத்தா” என்று இரண்டு தடவை கூப்பிட்டான், பிறகு அவர் விரலையும் நாரையும் பார்த்துக்கொண்டே அடங்கிவிட்டான். மூன்று நிமிடம் முடிந்ததும் நான் போய் உட்கார்ந்து பேசினேன். ஜோ ஃப்ராஸ்ட் சொன்னபடி செய்ததை விட இது எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது.

தூக்கப் பகுதியை நான் அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளை தனி அறையில், தன் கட்டிலில் தூங்க வேண்டும் என்பதுதான் பாதி எபிசோடுகளில் பெரிய போராட்டமே. எழுந்து வந்தால் முதல் தடவை அன்பாக ஒரு வார்த்தை, இரண்டாம் தடவை சுருக்கமாக, மூன்றாவதிலிருந்து பேச்சே இல்லாமல் தூக்கிப்போய்ப் படுக்க வைப்பது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில்தான், அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எட்டரைக்கு விளக்கை அணைப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்னைக் கேட்டால் நிகழ்ச்சியிலேயே உருப்படியான இடம், பெற்றோர் தங்கள் பதிவைத் தாங்களே பார்க்கும் காட்சிதான். அது சத்தமில்லாத காட்சி, அதனால் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். ஒரு நாள் காலை என் போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, பள்ளிக்குக் கிளம்பும் நாற்பது நிமிடத்தைப் பதிவு செய்தேன். ராத்திரி போட்டுப் பார்த்தால், “சீக்கிரம்” என்ற வார்த்தையைப் பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன். அதில் பதினைந்து தடவை அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, லேஸைக் காட்டி “அம்மா, இது சிக்கிக்கிச்சு” என்று மூன்று முறை சொல்கிறான். எனக்கு அது காதில் விழுந்த ஞாபகமே இல்லை. அடம் பிடிக்கிறான் என்று அன்று காலை அவனைத் திட்டினேன். பார்த்துவிட்டு அந்தப் பதிவை அழித்துவிட்டேன், ஆனால் அந்த ஒரு ராத்திரி கற்றுக்கொடுத்தது எத்தனையோ எபிசோடு கற்றுக்கொடுத்ததை விட அதிகம்.

டிவி பார்த்துப் பெற்றோர் மாறுவார்களா என்பதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 2005இல் பிரிட்டனின் ஐடிவி ‘டிரைவிங் மம் அண்ட் டாட் மேட்’ என்று ஆறு எபிசோடு ஒளிபரப்பியது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மாட் சாண்டர்ஸ் உருவாக்கிய ‘டிரிபிள் பி’ என்ற பெற்றோர் பயிற்சியைக் குடும்பங்கள் செய்து பார்ப்பதுதான் நிகழ்ச்சி. சாண்டர்ஸ், ரேச்சல் கலாம் முதலான ஆய்வாளர்கள் 454 பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நிகழ்ச்சியை மட்டும் பார்த்தது, இன்னொன்றுக்குப் பயிற்சிப் புத்தகமும் இணைய உதவியும் கூடவே கிடைத்தன. இரண்டு குழுவிலுமே பிள்ளைகளின் நடத்தையும் தாங்கள் பிள்ளைகளை நடத்தும் விதமும் மேம்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள், புத்தகம் வைத்து வீட்டில் செய்து பார்த்தவர்களிடம் கூடுதலாக. நிகழ்ச்சியே பார்க்காத குழு ஒன்று அதில் இல்லை என்பதால் எல்லாப் பெருமையையும் டிவிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பார்ப்பதோடு செய்வதும் சேர்ந்தால்தான் பலன் என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

சரி, குறை என்ன? முதல் குறை, நாட்களை மறைத்துவிடுகிறார்கள். ஒரு கெட்ட பழக்கத்துக்கு நாம் மசியாமல் நின்றால் அது குறைவதற்கு முன் கொஞ்ச நாள் அதிகமாகவும் செய்யலாம், உளவியலில் தெரிந்த விஷயம்தான். நிகழ்ச்சியில் அந்தக் கூடுதல் ஒரு உச்சக்கட்டக் காட்சியாக வந்து, விளம்பரம் முடிவதற்குள் சரியாகிவிடுகிறது. வீட்டில் அது பத்து நாள் நீடிக்கலாம். டிவியில் பார்த்தது நமக்கு நடக்கவில்லையே என்று நான்காம் நாள் கைவிட்டுவிடுவோம், நானும் ஒரு முறை விட்டேன்.

இரண்டாவது, ஏன் இப்படிச் செய்கிறது என்ற கேள்வி. காது சரியாகக் கேட்காத குழந்தை, பேச்சு வராததால் கடிக்கிற குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, இவர்களெல்லாம் வெளிப்பார்வைக்கு அடம் பிடிக்கிற பிள்ளையாகத்தான் தெரிவார்கள். ஒரு உத்தியை ஒழுங்காகச் செய்தும் மாதக்கணக்கில் மாற்றமில்லை, பேச்சும் வயதுக்கேற்ப வரவில்லை என்றால் யூடியூபை மூடிவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி என்று, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் மையமும் இதற்காகவே இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மனம் ஆறாத குறை. 2004இல் கேமரா முன்னால் அலறிய நான்கு வயதுப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது தாண்டியிருக்கும். துப்பியதும் உதைத்ததும் தரையில் புரண்டதும் இன்றும் துண்டு துண்டாக வெட்டி யூடியூபில் ஓடுகிறது, கீழே யார் யாரோ அந்தப் பிள்ளையைத் திட்டி எழுதுகிறார்கள். சம்மதம் கொடுத்தது அம்மா அப்பா. என் மகன் டம்ளரை வீசின அந்த நிமிடத்தை உலகம் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்த நாளிலிருந்து, ஒவ்வொரு எபிசோடிலும் அந்த முதல் அமளிப் பகுதியைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, ஒரு குழந்தையின் மோசமான நாள் மட்டும்தான் இருக்கிறது.

தங்கைக்குச் சாப்பாட்டு மேஜைப் பிரச்சினை வரும் எபிசோடு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். ஜோ ஃப்ராஸ்ட் பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் இடத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். அவள் மட்டும் பார்த்தால் போதாது, வீட்டுக்காரரையும் அவர் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறேன்.