சோற்றைக் குறைத்து மூன்று வருடம்: திருகோணமலையில் இது எப்படிப் போகிறது

இறைச்சி மட்டும் சாப்பிடுகிற முறை, மாச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற முறை இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். முதலாவது சில மாதத்தோடு முடிந்தது. இரண்டாவது மூன்று வருடமாக ஓடுகிறது, விடுகிற எண்ணமும் இல்லை. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தையையும் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையையும் வைத்துக்கொண்டு இது எவ்வளவு தூரம் சரிவரும் என்பதுதான் என்னுடைய கதை.

தொடங்கியதற்குக் காரணம் சீனி வருத்தம். இரத்தச் சீனிக்கான எச்பிஏ1சி பரிசோதனை 8.2 என்று வந்தது. 6.5 இல் இருந்தே நீரிழிவு என்பது கணக்கு. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை என்பதால், கிளினிக்குக்கு முதல் நாள் வயிற்றைக் காயப்போட்டு அதை ஏமாற்றவும் முடியாது. மெட்போமின், கிளிக்கிளசைட் என்று இரண்டு சீனிக் குளிசை தந்தார்கள். "சோத்தைக் குறையுங்கோ" என்றும் சொன்னார்கள், எல்லோருக்கும் சொல்வதுபோல.

குறைப்பது என்றால் எவ்வளவு? ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். காலையில் பிட்டு அல்லது பாண், பத்து மணிக்குத் தேத்தண்ணியும் பணிஸும், மத்தியானம் சோறு, இரவு இடியப்பம். சமைத்த சோறு நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. என் மத்தியானச் சோறு நானூறு கிராமுக்குக் குறையாது, அதிலேயே நூறைத் தாண்டிவிடுகிறது. நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே நின்றால்தான் மாச்சத்துக் குறைந்த உணவு என்கிறார்கள். அதைவிட இறுக்கிக் குறைக்கிற கீட்டோ முறை என்றால் 20 முதல் 50 வரைதான். ஒரு பக்கம் தம்பலகாமமும் கந்தளாயும் நெல்லாக விளைகிறது, இன்னொரு பக்கம் சீனக்குடாவில் பிரீமாவின் கோதுமை மா ஆலை நிற்கிறது. இந்த ஊரில் 50 கிராமோடு நிற்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள்.

சிவப்பரிசிக்கு மாறினால் போதும், குரக்கன் பிட்டு சாப்பிட்டால் சீனி ஏறாது என்று சொல்லாத ஆள் இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கினேன். இந்த மூன்று வருடத்தில் உருப்படியான செலவு என்றால் அதுதான். குரக்கன் பிட்டுக்கும் வெள்ளை மாப் பிட்டுக்கும் என் உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட, உண்மைதான். ஆனால் அதிலும் முக்கால்வாசி மாச்சத்துத்தானே. அளவைப் பாதியாக்கினால் மீற்றர் இறங்குகிறது, நிறத்தை மாற்றினால் அசையக்கூட மாட்டேன் என்கிறது.

சரி, இறைச்சிக்கு வருவோம். இறைச்சி, மீன், முட்டை, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் என்ற முறை புதிதல்ல. வட துருவப் பயணி வில்ஜால்மர் ஸ்டெபான்சன் 1928 இல் நியூயோர்க்கில், பெல்வியூ ஆஸ்பத்திரி வைத்தியர்களின் கண்காணிப்பில், கார்ஸ்டன் ஆண்டர்சன் என்ற தோழரோடு சேர்ந்து ஒரு வருடம் இறைச்சியை மட்டும் தின்று காட்டினார். அதில் எனக்கு உதவிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தபோது சில நாளிலேயே வயிற்றோட்டம் வந்து படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் எழும்பிவிட்டார். மாச்சத்தை நிறுத்தினால் சக்திக்கு உடம்பு கொழுப்பைத்தான் தேடும், புரதத்தை மட்டும் கொட்டினால் தாங்காது.

திருகோணமலையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஊர் ஆடு மேய்ந்து திரிகிற ஆடு, அதில் கொழுப்புக் குறைவு. சூரை மீனும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது. ஆட்டிறைச்சிக் கடையில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கொழுப்பைக் காட்டி, "நானா, அதையும் சேத்துப் போடுங்க" என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, "வீட்டில நாய் வளக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டார். காசு வாங்கவில்லை. அதை உருக்கி, முட்டையும் சூடை மீனும் அதிலேயே பொரித்துத்தான் சமாளித்தேன்.

எங்களுக்குக் கொழுப்பு என்றாலே தேங்காய். இறைச்சி மட்டும் என்கிற கட்சிக்குத் தேங்காய்ப்பாலும் ஆகாது, மிளகாய்த்தூளும் ஆகாது. பழப்புளியும் பாலும் தூளும் இல்லாத பாரை மீனை உப்புப் போட்டு அவித்து எத்தனை நாளைக்குத் தின்பது?

அதைவிடப் பெரிய மறிப்பு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் மச்சம்தான். கந்தசஷ்டி, கோணேசர் கோயில் திருவிழாக் காலம் என்று வந்தால் நாள் கணக்கில் சைவம். "தம்பி, நோய்க்கு மருந்தெண்டாலும் வெள்ளிக்கிழமை அடுப்பில மீன் ஏறாது" என்று அம்மா சொல்லிவிட்டா. அம்மாவின் அடுப்பு, அம்மாவின் சட்டம். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் உடைகிற விரதத்துக்கு 'மட்டும்' என்ற பெயர் எதற்கு?

உடம்பு என்ன சொன்னது என்பதையும் எழுத வேண்டும். முதல் கிழமையிலேயே நிறை மளமளவென்று இறங்கியது. அதில் துள்ள ஒன்றுமில்லை, பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாச்சத்து அதைப்போல மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது நீரும் போகும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். தலையிடி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான் வருகிறது. எங்கள் ஊர் வெயிலில் வியர்வையோடும் உப்புப் போகிறது. உப்புப் போட்ட எலும்பு சூப் குடித்தேன், சரியாகிவிட்டது. பிறஷர் உள்ளவர்கள் இதை வைத்தியரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். கருவாட்டைக் கண்டதும் பாய்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மலச்சிக்கல் நன்றாகவே படுத்தியது. ஆனால் என்னைத் திருப்பியது கொலஸ்ட்ரோல். கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்டிஎல் 118 இல் இருந்தது 190ஐத் தாண்டிவிட்டது. சீனி இறங்கினால் எல்டிஎல் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று யூடியூபில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நீரிழிவுக்காரனின் இதயத்துக்கு ஏற்கனவே ஆபத்து உண்டு, அதற்கு மேல் இன்னொன்றை ஏற்றுவதில் என்ன நியாயம்?

இப்போது சாப்பிடுவது இதுதான். காலையில் இரண்டு முட்டையும் வல்லாரைச் சம்பலும். மத்தியானம் மீன் பால்கறி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய் அல்லது பயத்தங்காய், பக்கத்தில் ஒரு அகப்பைச் சோறு. இரவில் மீனோ கோழியோ, கூட மரக்கறி. வெள்ளிக்கிழமைகளில் கச்சான், பயறு, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர், பாணி ஊற்றாமல். ஆட்டுக் கொழுப்பை விட்டுச் சூடை, கீரி, நெத்தலிக்கு மாறியதுதான் பெரிய மாற்றம். சூடையைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் மிளகும் பிரட்டி, மண்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அசைக்காமல் விட்டால் தோல் தானாகச் சட்டியை விட்டு வரும். முள்ளோடு நொறுக்கலாம், கல்சியத்துக்கு வேறு குளிசை வேண்டாம்.

எச்பிஏ1சி இப்போது 6.1க்கும் 6.4க்கும் இடையில் நிற்கிறது. கிளிக்கிளசைட்டை வைத்தியரே நிறுத்திவிட்டார், மெட்போமின் தொடர்கிறது. எல்டிஎல் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. அதற்கு இரவில் ஒரு அட்டோர்வஸ்டட்டின் குளிசை. குளிசையே இல்லாமல் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை.

தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் மாச்சத்தைக் குறைக்கிறவர்கள் காலையில் நூறு பாதாம் என்பார்கள். இங்கே நூறு பாதாமுக்குக் கொடுக்கிற காசில் வீட்டுக்கே மீன் வாங்கலாம். சொசேஜும் மீற்போலும் மாச்சத்துக் குறைவு என்று கூடையில் போடுகிறவர்களையும் காண்கிறேன். அவற்றில் மா கலந்திருக்கும். அதோடு பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 இல் வகைப்படுத்தியும் இருக்கிறது.

கந்தோரில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், "என்ன அண்ணை, சோத்தை வீட்டில மறந்திட்டு வந்தீங்களா?" என்று இன்னும் கேட்கிறார்கள். கலியாண வீடு பரவாயில்லை, பந்தியில் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். துவச வீடுதான் கஷ்டம். அங்கே இலையில் சோற்றை மிச்சம் விட்டால் மனம் கோணுவார்கள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் உட்துறைமுக வீதியில் நடந்துவிட்டு வருவேன்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு விழும். எம்பாகிளிப்ளோசின் வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கு இரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்து வேறு உண்டு. ஆகவே குளிசைத் துண்டோடு வைத்தியரைக் கண்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் பரிசோதனை பார்க்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். பதவிசிறிபுரப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்று எங்கள் மாவட்டத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு? பணிஸ், கொத்து ரொட்டி, சோடா என்று போன காசு மிஞ்சுகிறது, அரிசியும் பாதியாகிவிட்டது. கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரை மீன் மலிவு, அப்போது பழைய செலவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கார்த்திகை, மார்கழியில் வாடை அடித்துக் கடல் கொந்தளித்தால் சூடையே அறக்குளா விலைக்கு நிற்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் முட்டையும் கச்சானும்தான் கை கொடுக்கும், பட்ஜெட் எப்படியும் கொஞ்சம் இடிக்கும்.